லைசென்ஸ் இல்லாதவர் பேசக்கூடாது

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்து, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மெத்தைக் கடைக்காரருக்கு வாயைத் திறக்க ஒரு வழி கிடைத்தது. சரியாகச் சொன்னால், மனைவியின் வாயை மூட ஒரு வழி.

அதுவும் சட்டப்படியான வழி. அவர் இருந்த காடுமேடு ஜீப் கிளப்பில் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள ரேடியோ செட் உண்டு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்தான் மைக்கைத் தொடலாம். செட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளை எழுதும் பொறுப்பு நம்மவர் தலையில் விழுந்தது. கிடைத்த பேனாவை அவர் வீணாக்கவில்லை. விதி நான்கு: லைசென்ஸ் இல்லாதவர் செட்டைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. விதி ஐந்து: பேசியே தீரவேண்டுமானால் கையைத் தூக்கி, லைசென்ஸ் உள்ளவரிடம் அனுமதி பெறவேண்டும். அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஜீப்பில் மனைவி உட்காரும் பக்கம் கண்ணெதிரே ஒட்டிவிட்டார்.

அன்றைக்கு ஆற்றுமணலில் கிளப் கூடுகிறது. பதினாறு வண்டிகளுக்கு முன்னால் போய் மைக்கில் வழி சொல்லும் முன்வண்டிப் பதவி யாருக்கு என்று தலைவர் அறிவிக்கப் போகிறார். வருஷம் முழுக்க மெத்தை விற்கிற மனுஷனுக்குக் கரடுமுரடாக ஒரு பெயர் வேண்டாமா? மூன்று வருஷமாக அந்தப் பதவிக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்றடித்துவிட்டு வந்து, சீட்டில் கிடந்த மைக்கின் மேல் முழு எடையோடு உட்கார்ந்தார்.

"என்னங்க, அந்த மைக்கு..."

"விதி நாலு."

"இல்லங்க, செட்டுல செகப்பு லைட்டு..."

"விதி நாலுன்னு சொன்னேன்."

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைக் குரல் உயர்த்தாமல் மேய்ப்பவர். விளக்கை ஒருமுறை பார்த்தார். கணவர் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை பார்த்தார்.

"சரிங்க, செட்டைப் பத்திப் பேசல. உங்க தலைவரைப் பத்திப் பேசலாமா?"

"அதுக்கு விதி இல்ல. பேசு."

"பல் டாக்டரா இருந்துகிட்டு ஜீப்பை எப்படி அவ்வளவு நல்லா ஓட்டறாரு?"

"யாரு, அவரா? மணல்ல மாட்டின வண்டியைக் கடவாப்பல்லைப் புடுங்கற மாதிரி புடுங்குவாரு. வண்டி வந்துடும், பம்பர் அங்கயே நிக்கும். அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாதும்மா. பேங்க் மேனேஜர் குட்டையைப் பார்த்தாலே அழுதுடுவாரு."

"அப்ப நீங்கதான் முன்வண்டி."

"வேற யாரு இருக்கா?"

"உங்க லைசென்ஸுக்கு ஃப்ரேம் போட்டுக் கடையில மாட்டலாம்னு பீரோ பூரா தேடினேன். கிடைக்கல. இன்னொண்ணு குடுங்கன்னு ஆபீசுக்கு லெட்டர் போடட்டுமா?"

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. சாலையில் பள்ளம் எதுவும் இல்லை.

"லெட்டரெல்லாம் போடாத."

"ஏங்க?"

"நமக்குள்ளயே இருக்கட்டும். இருந்தாத்தானே கிடைக்கும்? இருபத்தஞ்சுக்குப் பதினொண்ணு."

"ஃபெயிலா?"

"மெதுவாப் பேசும்மா. யார் காதுலயாவது விழப் போகுது."

ஆற்றுமணலில் பதினாறு வண்டிகளும் வந்து நின்றிருந்தன. ஆட்கள் வெளியே நின்று இவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேங்க் மேனேஜர் நிஜமாகவே அழுதுவிடுவார் போலிருந்தது. மெத்தைக்காரர் இறங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

"அப்பாடா, எழுந்தீங்களா?" என்றார் பல் டாக்டர். "அரை மணி நேரமா கூப்பிடறோம். நீங்க மைக் பட்டன் மேல உக்காந்துகிட்டு உங்க பேச்சையே அனுப்பிட்டிருந்தா நாங்க எங்க பேசறது?"

மெத்தைக்காரர் சீட்டில் கிடந்த மைக்கைத் திரும்பிப் பார்த்தார். "எதுலேர்ந்து கேட்டீங்க?"

"விதி நாலுலேர்ந்து."

பதவி போயிற்று. லைசென்ஸ் இல்லாதவர் மைக்கையே தொடமுடியாதே. மெத்தைக்காரர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மானம் போனதைவிட, அந்த மூன்று வருஷத்து ஆசை போனதுதான் அவருக்கு வலித்தது. அந்த முகத்தைப் பார்த்த டீச்சர், கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார்.

"இந்த வண்டிக்கு லைசென்ஸ் இருக்குங்க டாக்டர்."

அட்டையில் டீச்சரின் போட்டோ. மேலே முத்திரை.

"நீயா? எப்ப?" என்றார் கணவர்.

"நீங்க எழுதின அன்னிக்கேதான். உங்களை இறக்கிவிட்டுட்டு வெளில சும்மா உக்காந்திருக்கணுமேன்னு நானும் முன்னாடியே பேர் குடுத்திருந்தேன். பத்து நாளா புஸ்தகத்தை வெச்சுக் கேள்வி கேட்டது யாரு? உங்களுக்கு ஏறல, எனக்கு ஏறிடுச்சு. பின் பெஞ்சுலதான் இருந்தேன். நீங்க முன் பெஞ்சுக்காரர் பேப்பரையே எட்டிப் பாத்துட்டு இருந்தீங்க."

"லைட்டு எரியுதுன்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன். அப்புறம் உங்க விதி ஒன்பது. ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது குறுக்க பேசக்கூடாது."

அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தலைவர் அங்கேயே அறிவித்தார். முன்வண்டி மெத்தைக்காரருடையதுதான். ஓட்டுவது அவர், மைக் டீச்சரம்மாவிடம். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் பேங்க் மேனேஜர்.

பின்னால் பதினாறு வண்டிகள். கனவில் கண்டது போலவே இருந்தது. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில், "எல்லாரும் வலப்பக்கம் வாங்க" என்றார் டீச்சர் மைக்கில். வலப்பக்கம் முழங்கால் ஆழம் சேறு என்பது மெத்தைக்காரருக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தார். டீச்சர் விரலை நீட்டி விதி ஐந்தைக் காட்டினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையைத் தூக்கினார்.

டீச்சர் பட்டனை அழுத்தி, பதினாறு வண்டிக்கும் கேட்கும்படி சொன்னார்: "ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்."