மறுபிறவிச் சட்டையும் ஒரு நாற்காலியும்

மனித இனம் உடுத்தத் தொடங்கிய நாள் முதல் செய்துவந்த மாபெரும் தவறு ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையொன்றின் கழிவறைக்குப் பின்னால் திருத்தப்பட்டது. சரித்திரம் அதைவிட நல்ல இடம் பார்த்திருக்கலாம். ஆனால் மற்ற இடமெல்லாம் சிமெண்டு போட்டுவிட்டார்கள்.

திருத்தியவர் முதலாளியின் மருமகன். 'பூமியைப் புண்படுத்தாத ஆடையியல்' என்னும் கடினமான துறையை ஆறே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர். வெள்ளைச் செருப்பில் மண் ஒட்டாதபடி ஒரு பலகைமேல் நின்று, கையில் புத்தம்புதிய சட்டையோடு பேசினார்.

"இது பூமியோட பொண்ணு. மனுசன் உடம்புல கொஞ்ச நாள் வாழ்ந்துட்டு, மறுபடி தாய்வீட்டுக்கே போயிடும். புதைச்சா தொண்ணூறே நாள்ல மண்ணு. பேரு, மறுபிறவிச் சட்டை!"

மாமனார் வீட்டிலேயே குடியிருக்கும் மருமகன் வாயால் இதைக் கேட்ட முதலாளி லேசாக இருமினார்.

சூப்பர்வைசருக்கு ஒரு சந்தேகம். "சார், இதுல பாலியஸ்டர் கலந்திருக்கே?"

"எவ்வளவு?"

"முக்காவாசி."

"அப்ப மீதி கால்வாசி அதுக்கு வழிகாட்டும்," என்றார் மருமகன். விஞ்ஞானம் இவ்வளவு எளிமையானது என்று அங்கிருந்த யாருக்கும் அதுவரை தெரியாது. கை தட்டினார்கள்.

சட்டையைப் புதைத்த குழியைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து மூட்டைக்காரரின் இடுப்பு விட்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் துணி மூட்டைகளை லாரியிலிருந்து குடோனுக்குத் தூக்கிய இடுப்பு. "இனி பாரம் தூக்கினால் படுக்கைதான்" என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைச் சூப்பர்வைசரிடம் நீட்டியபடி நின்றவரை, மருமகன் பார்த்துவிட்டார்.

"இவர் முதுகைப் பாருங்க! மண்ணைப் பார்த்தே வளைஞ்சிருக்கு. இவர்தான் நம்ம மண்ணுறவு அலுவலர்."

அப்படியாக மூட்டைக்காரருக்கு ஒரு பச்சைத் தொப்பி, ஒரு மண்வெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மூன்றும் வழங்கப்பட்டன. தொப்பி காதை மறைத்தது. மண்வெட்டிக்குக் காம்பு ஆடியது. நாற்காலி மட்டும் அப்பழுக்கற்ற நாற்காலி. அந்தத் தொழிற்சாலையில் அவர் உட்கார்ந்த முதல் நாற்காலி. உட்கார்ந்ததும் இடுப்புக்குள் ஏதோ ஒன்று "அப்பாடா" என்றது.

சூப்பர்வைசர் மட்டும் காதோரம் வந்து சொன்னார்: "அண்ணே, தொண்ணூறாம் நாள் சான்று குடுக்க ஒரு மேடம் வர்றாங்க. சட்டை மக்கியிருந்தா இந்த வேலை உங்களுக்கு நிரந்தரம். மக்கலேன்னா குழியை மூடிடுவாங்க. மறுபடி மூட்டை, இல்லேன்னா வீடு."

முப்பதாம் நாள் தோண்டினார். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. தூசி தட்டினால் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.

"அவசரப்படக் கூடாது," என்றார் மருமகன். "அது யோசிச்சிட்டு இருக்கு."

அறுபதாம் நாள் பார்த்தபோது மாற்றம் தெரிந்தது. காலரில் தைத்திருந்த பருத்தி லேபிள் முற்றாக மக்கிப் போயிருந்தது. "இந்த ஆடை தொண்ணூறு நாளில் மக்கும்" என்று எழுதியிருந்த லேபிள் அது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அது ஒன்றுதான். மண்புழுக்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருந்தன.

அவர் தண்ணீர் ஊற்றினார். சாணம் போட்டார். சாப்பாட்டு அறை எச்சிலையெல்லாம் கொட்டினார். குழியைச் சுற்றிலும் செடி தளதளவென்று வளர்ந்தது. சட்டையும் கிட்டத்தட்ட வளர்ந்த மாதிரிதான் இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் அதே தொழிற்சாலையில் லேபிள் தைப்பவள். கோணலாய்த் தைத்து ஒதுக்கிய சலவைக் குறிப்பு லேபிள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாற்பத்தாறு வயதில் அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அதனால் அவர் படித்த வாக்கியங்கள் எல்லாமே 'கூடாது' என்றுதான் முடிந்தன.

"மக்க மாட்டேங்குதே, என்ன பண்றது?"

"உங்க யூனிபார்ம் சட்டையைப் பக்கத்துல வையுங்க. அதைப் பார்த்தாவது வெட்கப்பட்டு மக்கட்டும்," என்றாள் அவள், பாத்திரம் கழுவிக்கொண்டே.

அவள் சிரிப்பதற்குத்தான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். வெட்டி மிஞ்சிய மட்டப் பருத்தியில் கம்பெனி தைத்துக் கொடுக்கும் யூனிபார்ம். மூன்று வருட மூட்டை அதன்மேல் ஏறி இறங்கியிருந்தது. தோளில் துணி போய் நூல் நின்றது. முதுகில் நூலும் போய் உப்பு நின்றது.

எழுபதாம் நாள் காலை, மறுபிறவி வெளியே வந்தது. யூனிபார்ம் உள்ளே போனது. எடுத்த சட்டையை மனைவி அடுப்படியில் பிடிதுணியாக்கினாள். சூடும் தாங்கியது, கறையும் படவில்லை.

தொண்ணூறாம் நாள் மேடம் வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் ரப்பர் உறை. மூட்டைக்காரர் தோண்டினார். மண்வெட்டியில் வந்தது கறுத்த மண்; அதில் நான்கைந்து நூல்; ஒரு பித்தான்.

மேடம் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இருபது நாட்டுல குழி பார்த்திருக்கேன். இப்படி ஒரு மரணத்தைப் பார்த்ததில்லை!"

எல்லாரும் கை தட்டினார்கள். மாதிரி மண் ஒரு புட்டியில் ஆய்வுக்குப் போனது. மூட்டைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை நிரந்தரம் என்று சூப்பர்வைசர் கண்ணடித்தார். அந்த மூன்று வாரம்தான் அவர் வாழ்நாளில் இடுப்பு என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்த காலம்.

நாலாவது வாரம் ஆய்வறிக்கை வந்தது. கூட்டம் கூடியது. மருமகன் படித்தார்.

"சட்டையை மக்க வச்ச 'ஊக்கி' எதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. மனித வியர்வை! ரொம்ப ஆழமா, பல வருசம் ஊறின மாதிரி உப்பு. அதாவது, நம்ம அலுவலர் குழி தோண்டும்போது தன்னையே உருக்கி ஊத்தியிருக்கார்!"

மூட்டைக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்தார். "சார், மன்னிச்சிடுங்க. பொய் சொல்ல மனசு வரல. அது என் சட்டை."

மருமகன் நெகிழ்ந்து போனார். "கேட்டீங்களா? 'என் சட்டை'ங்கிறார்! ஒரு தொழிலாளிக்கு இந்தப் பாசம் வரணும்னுதான் நான் ஆறு வாரம் படிச்சேன்."

"இல்ல சார், நெசமாவே நான் போட்டிருந்த…"

"போட்டிருந்தீங்களா?" மருமகன் ஒரு நிமிடம் கண்மூடி நின்றார். உலகின் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். "அதுதான்! விக்கிறதுக்கு முன்னாடியே போடணும்! 'முன்மக்கல்'! இனிமே ஒவ்வொரு மறுபிறவிச் சட்டையையும் இவர் உடம்புல ஊறப்போட்டுத்தான் கடைக்கு அனுப்புறோம்."

"நாற்காலியில உட்கார்ந்தே போட்டுக்கிறேன் சார்," என்றார் மூட்டைக்காரர் அவசரமாக.

ஒரு நாள் அப்படியும் செய்து பார்த்தார்கள். நிர்வாகம் நியாயமானது. நாற்காலியில் வியர்க்கவில்லை. மேடத்தைத் தொலைபேசியில் கேட்டார்கள். முன்பு அந்த வியர்வை எந்தச் சூழலில் சுரந்ததோ அந்தச் சூழலையே 'மீட்டுருவாக்கம்' செய்யும்படி அவர் சொல்லிவிட்டார்.

லாரி வந்தது. குடோன் கதவு திறந்தது. மூட்டைக்காரர் டாக்டரின் சீட்டை நீட்டினார். "டாக்டருக்கு மனுசனைப் பத்தித்தான் தெரியும், பூமியைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் சூப்பர்வைசர். சொல்லும்போது அவர் முகம் வேறு பக்கம் இருந்தது. மூட்டைக்காரர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சட்டை மாட்டிக்கொண்டு முதல் மூட்டைக்குக் குனிந்தார். 'மண்ணுறவு அலுவலர்' என்ற பதவியை மட்டும் யாரும் பறிக்கவில்லை.

மதியம் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதி நிமிர்ந்து நின்றார். மேல்சட்டையை அவளே கழற்றிவிட்டாள். காலரில் புது லேபிள், அன்று காலை அவள் தைத்தது. பழைய பழக்கத்தில் அவர் எழுத்துக் கூட்டினார்.

"முறுக்கிப் பிழியக் கூடாது. வெயிலில் போடக் கூடாது. மேலே பாரம் ஏற்றக் கூடாது. உழைத்த பின் நிழலில் கிடத்தி… ஓய்வு… கொடுக்க வேண்டும்."

அவர் படித்த வாக்கியங்களில் 'வேண்டும்' என்று முடிந்தது அதுதான் முதல் தடவை. அதனால் இன்னொரு முறை படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது யாருக்கு எழுதியிருக்கு?"

அவள் டப்பா மூடியைத் திறக்க முடியாமல் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தாள். "சட்டைக்குங்க," என்றாள்.

கழிவறை நிழலில் நாற்காலி காலியாக இருந்தது. அவர் மெல்லப் போய், எழுதியிருந்தபடியே சட்டையை அதில் கிடத்தினார். கைகளை நீவிவிட்டார். அது வசதியாகச் சாய்ந்துகொண்டது.

வெயிலில் இருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். மூட்டைக்காரர் அடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.