ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டுச் சம்பந்தியை ஓடவிட்டது

அன்பு மச்சான் கால்வினுக்கு,

செமோரிலிருந்து உன் அக்கா கெர்ட்ரூட்டின் புருஷன் மரியஜோசப் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே என் மானத்தைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே பிள்ளைகளும் உன் நான்கு பூனைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் அக்கா படித்துவிடுவாள், அதனால்தான் காகிதம்.

நம் ஷார்மேனுக்கு நீ கமுந்திங்கில் பேசி வைத்த சம்பந்தம் என்னால் ஆட்டம் கண்டிருக்கிறது. தேதி குறிக்கச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? என் பழைய காடியின் ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரிகிறதே என்று, யூடியூப் பார்த்து நானே ரிலே போட்டேன். கரண்ட்டு சுவிட்ச்சுக்குள் சுற்றி இளைத்துப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராக பல்புக்குப் போகுமாம். போச்சு மச்சான், பகல் மாதிரி வெளிச்சம்! ஆனால் கழற்றி மாட்டியதில் விளக்கு இரண்டும் வானத்தைப் பார்த்துவிட்டது எனக்குத் தெரியாது.

இருட்டத் தொடங்கியதும் எதிரே வந்த காடிக்காரனெல்லாம் எனக்கு லைட் அடிக்கிறான். நம்ம ஊரில் லைட் அடித்தால் என்ன அர்த்தம், முன்னால போலீஸ் ரோட் பிளாக்! என் ரோட் டாக்ஸ் செத்து மூணு வாரம். "பெல்ட்டைப் போடுங்க"ன்னு கத்தினேன். ஒரு போலீஸையும் காணோம், ஆனா அடிக்கிறவன் அடிச்சிக்கிட்டே இருக்கான். "இன்னிக்கு பேராக் போலீஸ் முழுக்க நமக்காகத்தான் நிக்குது"ங்கிறா உன் அக்கா. கமுந்திங் முச்சந்தியில ஒரு வெள்ளை பிக்கப் நின்னு லைட்டும் அடிச்சி கையும் காட்டுச்சு. மஃப்டி போலீஸ்னு முடிவு பண்ணி, செம்பனைத் தோட்டத்து மண்ரோட்டுல திருப்பிட்டேன். பிக்கப் ஹார்ன் அடிச்சிக்கிட்டே பின்னால வருது. உன் அக்கா ஜெபமாலையை எடுத்துட்டா. ஷார்மேன், "அப்பா, உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்கப்பா!" "போலீஸ் கம்ப்யூட்டர்ல நம்ப பேரு இருக்கும்லா, தலையக் குனி!"

எப்படியோ தப்பிச்சு மாப்பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையோட அம்மா, "உங்களுக்கு வழி காட்டத்தானே அவரு முச்சந்திக்குப் போனாரு?"ன்னாங்க. அப்புறம் அந்த வெள்ளை பிக்கப் வாசல்ல வந்து நின்னுச்சு. மாப்பிள்ளையோட அப்பா ராயப்பன் அண்ணே இறங்கி, சட்டையெல்லாம் தோட்டத்துச் சேறு, என்னைப் பார்த்து, "ஏன் லா அப்படி ஓடுனீங்க?"ன்னார். தேதி கேட்டதுக்கு, "யோசிச்சுச் சொல்றோம்." திரும்பி வரும்போது என் பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுச்சு மச்சான், அதுதான் எனக்குத் தாங்கல.

ஆகவே நீ உடனே போய் அவர் காலில் விழாத குறையாகப் பேசு. ரிலேயைக் கழற்றிவிட்டேன் என்றும், இனி வயர் எதையும் தொடமாட்டேன் என்றும் சத்தியம் செய்ததாகச் சொல். மாதா உன்னையும் குடும்பத்தையும் காப்பாராக.

உன் தலைகுனிந்த மச்சான்,
மரியஜோசப்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ராயப்பன் அண்ணே போன் பண்ணினார். "சம்பந்தி, அந்த வெளிச்சத்துல பனை உச்சியில எலி ஓடுறதுகூட தெரிஞ்சுச்சு! என் பிக்கப்புக்கும் போட்டுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க, கையோட தேதியும் குறிச்சிடுவோம்." எனவே நீ போக வேண்டாம், போனால் கழற்றிவிட்டேன் என்று உளறுவாய். இப்போது திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டு, "கீழ, இன்னும் கீழ இறக்குங்கப்பா" என்று அதட்டுவது கல்யாணப் பெண்.