ஆறு மணிக்கு மேல் பார்வையாளர் நேரம்

பெரம்பலூரில் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளாத உயிர் ஏதாவது இருந்தால், அது டிரிப்ஸ் அக்காவின் கண்ணில் இன்னும் படவில்லை என்றுதான் அர்த்தம்.

அக்கா எங்கள் எதிர் வீடு. அரியலூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர, பேஷண்டுகளை விடவில்லை. கிளினிக்கில் கழித்துப் போட்ட டிரிப்ஸ் ஸ்டாண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் பக்கத்தில் நிறுத்தி, ஊர் வரை தோளைப் பிடித்தபடி கூட்டி வந்தார். அன்றிலிருந்து வேப்பங்கன்றுக்கு டிரிப்ஸ், துளசிக்கு டிரிப்ஸ். ஒருநாள் போனால், காபி டிகாஷன் ஸ்டாண்டில் தொங்கிக் குழாய் வழியாக டம்ளரில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேகமா எறங்குனா கசக்கும் டீச்சர்" என்றார்.

அரியலூர் பஸ்ஸில் யார் கண்ணயர்ந்தாலும் அக்கா நாடி பிடித்துவிடுவார். ஒரு பெரியவர் திடுக்கிட்டு விழித்து, "யாரும்மா நீ, கையப் புடிச்சுக்கிட்டு?" என்றாராம். அக்கா அசரவில்லை. "இருக்கீங்களான்னு பாத்தேன். இருக்கீங்க. தூங்குங்க." அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் அக்கா இருக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார் என்று கண்டக்டர் சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகளின் ஹைட்ரேஞ்சியாவை ஒப்படைத்தேன்.

யாழினி கல்லூரிச் சுற்றுலா போய்விட்டுக் கொடைக்கானலிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த செடி அது. சின்னச் சின்னப் பூக்கள் சேர்ந்து ஒரே பந்தாக, பள்ளிக்கூட மைக்குப்பியைத் தண்ணீரில் கவிழ்த்த மாதிரி ஒரு நீலம். ஆனால் மலைக்குளிரில் பிறந்தது. நம் ஊர் வெயிலுக்கு முதல் நாளே தலையைத் தொங்கப் போட்டது. நான் பதறி ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தேன். மறுநாளும் தொங்கியது, மறுநாளும் குடம். தெருவைத் தாண்டி வந்த அக்கா குடத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"வேரு மூச்சு முட்டிச் செத்துப்போகும் டீச்சர். ஜுரம் அதுக்கில்ல, உங்களுக்கு."

ஜுரம் கடைசியில் வந்தது யாழினிக்கு. டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்க இறங்க, திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் பேசியது ஒன்றுதான். "பூ வாடாம பாத்துக்கம்மா."

அங்கே பிடித்தது எனக்கு ஒரு பயம். அந்தப் பூ நின்றால் இவளும் நிற்பாள், அது போனால் இவளும் போய்விடுவாள் என்று மனதுக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. நான் அறிவியல் ஆசிரியை. இதை வெளியே சொன்னால் மாணவர்களே சிரிப்பார்கள். ஆனால் வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பவளுக்கு அறிவியல் எந்த மூலைக்கு?

தினமும் காலையில் அக்கா வீடியோ காலில் பூவைக் காட்டுவார். நிமிர்ந்து நிற்கும். சாயங்காலமும் காட்டுவார். நடுவில் கேட்டால் மட்டும் மறுப்பு.

"இப்ப பார்வையாளர் நேரம் இல்ல. ஆறு மணிக்கு மேல கூப்புடுங்க."

"ஒரு நிமிஷம் காட்டுங்கக்கா."

"பேஷண்ட் ரெஸ்ட்ல இருக்கு."

ஒருநாள் டாக்டர் முகம் கொடுத்தே பேசவில்லை. யாழினி கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். மத்தியானம் நான் போனிலேயே அழுதுவிட்டேன். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்தா பாருங்க" என்று காட்டினார். நல்ல நீலப் பூ. மனசு அடங்கப் போகும் நேரத்தில், பூவின் நடுவில் ஒரு பட்டன் தெரிந்தது. பூ மூச்சு வாங்கியது. அக்காவின் பூப்போட்ட நைட்டி.

மாற்றுத்துணி எடுத்துவர வேண்டும் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் எதையும் பார்க்கவில்லை.

அக்கா வீட்டுப் பின்வாசலில் அது கிடந்தது. இலைகள் நனைந்த கைக்குட்டைகளாகத் தொங்க, பூப்பந்து தொட்டியின் விளிம்பில் தலை சாய்த்திருந்தது. மண்ணின் மேல் குன்னத்தில் இருக்கும் அக்காவின் தம்பி கொல்லையிலிருந்து வந்த மக்காச்சோளத் தட்டை மூடாக்கு. தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு. மேலே ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில், சொட்டு, சொட்டு. பக்கத்தில் முக்காலியில் அக்கா, பூவுக்குக் கறுப்புக் குடை பிடித்தபடி, தான் வெயிலில்.

"போயிருச்சுக்கா" என்றேன்.

"எது?"

"எல்லாம்."

அக்கா எழுந்து என் நாடியைப் பிடித்தார். "ஓட்டமா ஓடுது. உக்காருங்க." பிறகு என் விரலைப் பிடித்து மண்ணுக்குள் சொருகினார். உள்ளே குளுமையாக ஈரம் இருந்தது. "அடியில ஈரம் இருக்கு பாருங்க. மேல மட்டுந்தான் மயக்கம். தெனம் மத்தியானம் இவ இந்த நாடகம் போடுவா. சாயந்தரம் எந்திரிச்சிருவா. நீங்க பாத்தா தாங்கமாட்டீங்கன்னுதான் காட்டல."

"தெரியும்க்கா. நீராவிப்போக்கு. வேர் உறிஞ்சுறதவிட இலை வேகமா விடுது. வருஷா வருஷம் நான்தான் நடத்துறேன்."

"நடத்துனா மட்டும் போதுமா டீச்சர், நம்ப வேணாமா?"

என்னையும் குடைக்குள் இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு பூவும். அதற்கப்புறம் நடந்தது எனக்குக் கோவையாக நினைவில்லை. ஆடிக் காற்று சாக்கைத் தொட்டுக் குளிர்ந்து வந்தது. சொட்டு விழும் சத்தம் யாரோ தூரத்தில் மெதுவாக நடந்து வருவதைப் போலிருந்தது. சுவர் நிழல் செம்பருத்தியைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டி, எங்கள் கால்மேல் ஏறியது. கண் சொக்கிய ஏதோ ஒரு கணத்தில் வார்டு, கட்டில், வெள்ளை விரிப்பு எல்லாம் நீலமாக இருந்தன. நீலத்துக்கு நடுவில் யாழினி கைக்குழந்தையாகப் படுத்திருந்தாள்.

விழித்தபோது என் மணிக்கட்டு அக்காவின் கையில் இருந்தது.

"இருக்கீங்க" என்றார். "அங்க பாருங்க."

ஒரு இலையின் நுனி மேலே திரும்பியிருந்தது. எப்போது திரும்பியது என்று தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் அசையவில்லை. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. வெயில் மஞ்சளாகும்போது பூப்பந்து தொட்டி விளிம்பை விட்டு எழும்பி, ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது.

போன் அடித்தது. கணவர்.

"ஏன்டி, சார்ஜரை ஏன் எடுத்துட்டுப் போன? புள்ள எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு எங்கூடச் சண்ட போடுறா."

பைக்குள் பார்த்தேன். மாற்றுத்துணி எடுக்க வந்தவளின் பையில் சார்ஜர் மட்டும்தான் இருந்தது. அக்கா அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்கு அந்த டிரிப்ஸ் காபியைக் கொடுத்தார். கசந்தது. குடித்தேன்.

யாழினி தேறி விடுதிக்குத் திரும்பிவிட்டாள். அக்கா அரியலூருக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டார். ஸ்டாண்டையும் குடையையும் செடியையும் என்னிடம் விட்டுவிட்டார். எங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்புக்கு இந்த வருடம் நீலம் போய், ரோஸ் நிறத்தில் பூத்திருக்கிறது. போட்டோ அனுப்பினேன். "ரத்தம் ஊறிடுச்சு டீச்சர்" என்று பதில் வந்தது.

இன்னமும் மத்தியான வேளையில் யாழினி போனை எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி அடித்துப் பார்ப்பேன். அப்போதெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு பூவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். குடையைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கிறேன், அக்காவுக்கென்று போட்ட இன்னொரு முக்காலியும் நிழலுக்குள் வருகிற மாதிரி.