சாப்பாட்டு மேசைத் தலைமை ஆசிரியர்

பள்ளிக்கூடத்தை வெறுக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, பிள்ளைகள். அவர்களுடைய வெறுப்பு காலை எட்டு மணிக்கு வயிற்றுவலியாகத் தொடங்கி, பள்ளி மணி அடித்ததும் மருந்தில்லாமலே தீர்ந்துவிடும். இரண்டாவது வகைதான் ஆபத்து. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். பள்ளியை விட்டு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருக்கும். ஆனாலும் ஆறாத அந்த வெறுப்பை இருபது காணொளிகள் பார்த்துச் சூடேற்றி, ஒரு கொள்கையாகக் காய்ச்சி வடித்து, பெற்ற பிள்ளையின் தலையில் ஊற்றுவார். இவர்தான் வீட்டுக்கல்வித் தந்தை. வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் எல்லாரும் இந்த இனமா என்றால், இல்லை. சிலர் சத்தமில்லாமல் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இது சத்தம் போடுகிற இனம்.

இந்த இனத்தில் ஒருவரை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எந்தத் தட்டில் எத்தனை அங்குலம் இடம் விட வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவார். ஒரே மகள். வீட்டில் வாண்டு என்று பெயர். தெருமுனை அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

ஒருநாள் வாண்டு ஒரு விடைத்தாளோடு வந்தாள். 'பசு நமக்கு என்ன கொடுக்கிறது?' என்பது கேள்வி. 'பசு ஒன்றும் கொடுப்பதில்லை, நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை தவறு போட்டிருந்தார்.

அலமாரிக்காரருக்கு அன்று தூக்கமில்லை. கோபம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, ஆனந்தம். இப்படி ஒரு காரணத்துக்காக அவர் மூன்று வருடமாக அல்லவா காத்திருந்தார்! மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, 'பள்ளி என்பது ஒரு தொழிற்சாலை' என்று தொடங்கும் உரையை வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே போய்த் தலைமை ஆசிரியை முன்னால் நின்றார். அந்த அம்மாள் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராத விஷயமாக யாரிடமோ தொலைபேசியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரொம்ப நல்ல பதில் சார். டீச்சர்கிட்ட சொல்றேன், மார்க் போட்டுக் குடுத்துடுவாங்க. உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? சண்டைக்குப் போனவனிடம் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டால் அவன் உரையை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பான்? அதை அப்படியே வீட்டுக்குச் சுமந்துவந்து, வேலை முடிந்து செருப்பைக்கூடக் கழற்றாத மனைவியின் மேல் இறக்கினார். முக்கால் மணி நேரம். முடிவில், "இனிமே வாண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டா. சுதந்திரமா வளருவா," என்றார்.

"யார் சொல்லிக்குடுக்கிறது?" என்றார் மனைவி.

"யாரும் சொல்லிக்குடுக்க வேண்டாம். புள்ளைங்க தானா கத்துக்கும்."

வாண்டு சுதந்திரமாக வளர்ந்தாள். சரியாகப் பதினோரு நாள். முதல் வாரம் மழையில் நனைந்தாள், எறும்பின் பின்னால் போனாள், பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டாள். அப்பா எல்லாவற்றையும் படம் பிடித்து, 'உண்மையான கல்வி' என்று தலைப்புக் கொடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். இரண்டாவது வாரம் அவள் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு என்ன தலைப்புக் கொடுப்பது? பன்னிரண்டாம் நாள் காலை, சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு கரும்பலகை வந்து சேர்ந்தது.

பலகை வந்தால் கால அட்டவணை வராமல் இருக்குமா? அட்டவணை வந்தால் மணி? கதவில் தொங்கிய அழைப்புமணியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அடுத்து வருகைப் பதிவேடு வந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு, எதிரே ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மகளின் முழுப்பெயரை, எங்கோ கடைசி வரிசையைப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு கூப்பிடுவார். அவள் "உள்ளேன் ஐயா" என்பாள். ஒருநாள் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தாள். வரவில்லை என்று குறித்துவிட்டார்.

அடுத்து, தலைமைப்பண்பு வளர வேண்டும் என்று அவளையே வகுப்புத் தலைவியாக்கினார். வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட, "வகுப்புல பேசுறவங்க பேரைப் பலகையில எழுது," என்று சொல்லிவிட்டு அலமாரிக் கைப்பிடி சமாச்சாரம் பேச ஆரம்பித்தார். பேசி முடித்துத் திரும்பினால், பலகையில் வரிசையாக அப்பா, அப்பா, அப்பா என்று பதினான்கு தடவை எழுதியிருந்தது.

முதல் தேர்வு நடந்தது. மதிப்பெண் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

"என்னடி, எத்தனாவது ரேங்க்?" என்றார் அம்மா.

"முதல் ரேங்க் நான்தான்," என்றாள் வாண்டு. கொஞ்சம் யோசித்து, "கடைசி ரேங்கும் நான்தான்," என்றாள்.

இப்படி நாள்கள் போயின. பள்ளி செய்வதாக எதையெல்லாம் அவர் அந்த முக்கால் மணி நேரத்தில் சாடினாரோ, அதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தார். ஆனால் பள்ளியில் அது நாற்பது பிள்ளைகளுக்குப் பங்கு போகும், இங்கே மொத்தமும் ஒருத்திக்கே. கழித்தல் கணக்கு நடந்த நாளில் வாண்டு கேட்டாள்:

"அப்பா, பக்கத்து எண்கிட்ட கடன் வாங்குறோமே, அதை எப்போ திருப்பிக் குடுப்போம்?"

நல்ல கேள்வி. அவருக்கே பதில் தெரியவில்லை. தெரியாத வாத்தியார் வேறென்ன செய்வார்?

"அதெல்லாம் கேக்கக் கூடாது. சொன்னதைச் செய்."

சொன்ன பிறகு அவருக்கே காது சுட்டது. உடனே மணியை அடித்து இடைவேளை விட்டார்.

மாலை நாலு மணி ஆனால் வாண்டு வாசல் கதவருகே போய் நின்றுவிடுவாள். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவின் மகள் அப்போதுதான் பள்ளியிலிருந்து வருவாள். யாருக்குப் பல் விழுந்தது, யார் சண்டை போட்டுச் சேர்ந்தார்கள், யாருடைய சாப்பாட்டு டப்பாவைக் காக்கை தூக்கிப் போனது என்று நிறுத்தாமல் சொல்லுவாள். ஒருநாள், "இன்னைக்கு எங்க நாலு பேரையும் வெளியே நிக்க வச்சுட்டாங்க. பேசிட்டே இருந்தோம்," என்றாள்.

"வெளியே நின்னு என்ன பண்ணீங்க?"

"அங்கேயும் பேசிட்டிருந்தோம்."

வாண்டுவின் முகத்தில் அப்போது வந்த பொறாமையை ஜன்னல் வழியாக அம்மா பார்த்தார். அப்பாவும் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மறுநாள் அட்டவணையில் 'நட்பு: மாலை 4 முதல் 4.20 வரை' என்று ஒரு கட்டம் சேர்த்தார்.

ஒன்றரை வருடம் ஓடிற்று. ஒரு திங்கட்கிழமை, விண்ணப்பம் எழுதுவது எப்படி என்பது பாடம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பலகையில் வரைந்து காட்டி, "உனக்குப் பிடிச்ச விஷயத்தைப் பத்தி எழுது. சுதந்திரமா எழுது," என்றார். வாண்டு அரை மணி நேரம் தலை நிமிராமல் எழுதினாள். தாளை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

'அனுப்புநர்: மாணவி, நான்காம் வகுப்பு. பெறுநர்: உயர்திரு தலைமை ஆசிரியர் அவர்கள், சாப்பாட்டு மேசை. பொருள்: மாற்றுச் சான்றிதழ் வேண்டுதல். ஐயா, நான் தங்கள் பள்ளியில் ஒன்றரை வருடமாகப் படித்து வருகிறேன். தங்கள் பள்ளி நல்ல பள்ளி. ஆசிரியரும் நல்லவர்தான். ஆனால் என் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை. யாரையும் பார்த்து எழுத முடியவில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை, நானும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகலாம் என்றால் நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு அப்பாவைப் பார்த்து நிறைய நாள் ஆகிறது. ஆகவே சான்றிதழ் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

வழக்கம்போல் சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டு பிழைகள் தெரிந்தன. திருத்தக் கை வரவில்லை. கடைசிக்கு முந்தின வரியை மறுபடி படித்தார். பேனாவை மூடினார்.

மாலை மனைவி வந்ததும் தாளை நீட்டி, "நீ எழுதச் சொன்னியா?" என்றார், தோற்றவர் குரலில்.

மனைவி நின்றபடியே படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணரை வருஷமா நான் ஒண்ணும் சொல்லலையே. நீங்கதானே சொல்லிக்குடுக்கிறீங்க? நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க."

சான்றிதழ் கொடுக்காமல் நிறுத்திவைக்க அவருக்கு மனம் வரவில்லை. கொடுக்காத பள்ளிகளைப் பற்றித்தான் ஏற்கெனவே காரசாரமாகப் பேசியிருக்கிறாரே! கணினியில் கட்டம் போட்டு அழகாகத் தயாரித்தார். நடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று போட்டார். 'விலகுவதற்கான காரணம்' என்ற கட்டத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. வெகுநேரம் யோசித்து, ஒரே ஒரு சொல் எழுதினார்: 'மேற்படிப்பு'.

மறுநாள் காலை தெருமுனைப் பள்ளியில் அதே தலைமை ஆசிரியை, அப்பா நீட்டிய அந்தத் தாளை ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார். சிரிக்கவில்லை. முத்திரை குத்திக் கோப்பில் வைத்துக்கொண்டு, "நாலாம் வகுப்பு, மாடியில ரெண்டாவது ரூம். போம்மா," என்றார். வாண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பாதிப் படியில் என்ன நினைத்தாளோ, இறங்கி வந்து அப்பாவின் கையை ஒரு நொடி பிடித்துவிட்டு மறுபடி ஓடினாள்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? அடுத்த மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே எழுந்து நின்று, கால அட்டவணை போடுவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார். இந்த இனத்துக்கு மருந்து கிடையாது. இடம்தான் மாறும்.

சிரித்தது போதும், உங்களிடம் ஒரு வார்த்தை. நேற்றுச் சாப்பிடும்போது வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று உங்கள் பிள்ளை கேட்டதே, "நீயே சொல்லு பாப்போம்" என்று திருப்பிக் கேட்டவர் யார்? எனக்குப் பிள்ளையே இல்லை என்று தப்பிக்கப் பார்க்கிறீர்களா? முதல் வரியிலிருந்து இதில் எங்கெங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டே வருகிறீர்களே, அது எந்த இனம்?