‘ரெண்டு தப்பு’ சார்

பெரியநாயக்கன்பாளையம் முழுக்கத் தேடினாலும் எங்கள் பம்ப்செட் கம்பெனியின் ‘ரெண்டு தப்பு’ சாரைப்போல ஒரு சந்தேகப் பிராணி கிடைக்காது. தரக்கட்டுப்பாட்டில் வேலை. கேண்டீனில் மூன்று வாளி சாம்பாரையும் ருசி பார்த்த பிறகுதான் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வார். “நல்ல மாப்பிள்ளைய வேண்டாம்னா ஒரு தப்புங்க, மோசமானவனுக்குத் தலையாட்டுனா இன்னொரு தப்புங்க” என்று பெண் பார்க்கப் போன வீட்டிலேயே விளக்கி, பஜ்ஜி வருவதற்குள் வெளியே அனுப்பப்பட்டவர்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஆபரேட்டராக இருந்த கம்ப்யூட்டர் அறைக்கு விரல்ரேகைப் பூட்டு வந்தது. விரலை வைத்தால் ஆளின் பெயர் திரையில் வரும், கதவு திறக்கும். ஆனால் பட்டறையில் தேய்ந்த விரல்களை அது சீந்தவே இல்லை. வெளியே நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். மெஷினை விற்றவர் வந்து அதன் கண்டிப்பைக் குறைத்துவிட்டுப் போனார். கம்பெனியே நிம்மதியானது, சாரைத் தவிர.

“வெளிய நிக்கறவன் கத்துவான், சரிங்க. தப்பா உள்ள போனவன் கத்துவானுங்களா?”

எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த மாதமே புது மோட்டார் வரைபடம் இருந்த ஃப்ளாப்பி காணாமல் போனது. சனிக்கிழமை மதியம் கதவைத் திறந்தது நான் என்றது மெஷின். அன்று நான் கிணத்துக்கடவில் அக்காவின் வளைகாப்பில் இருந்தேன்.

“மெஷின் பொய் சொல்லுங்களா அம்மணி? திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாங்க” என்றார் முதலாளி. எங்கள் ஊரில் வேலையை விட்டு நீக்குவதற்கும் ‘ங்க’ உண்டு.

அப்போது சார் நோட்டுடன் உள்ளே வந்தார். “ஏனுங்க மொதலாளி, மெஷினை ஒருக்கா சோதிச்சுப்போடலாங்களா?”

மொத்த கம்பெனியும் வரிசையில் நின்றது. ஆளுக்குப் பத்து முறை விரல் வைக்க வேண்டும். திரையில் வந்த ஒவ்வொரு பெயரையும் சார் நோட்டில் குறித்தார்.

“ஆச்சுங்களா?” முதலாளி பொறுமையிழந்தார்.

“நீங்க ஒருத்தர்தான் பாக்கிங்க” என்றார் சார்.

முறைத்தபடி விரலை வைத்தார். நான்காவது தடவை திரையில் என் பெயர் வந்தது. கதவும் திறந்தது.

முதலாளி தன் விரலையே பார்த்தார். முகம் மாறியது. “சனிக்கிழமை... காங்கேயத்து வியாபாரிக்குக் காட்டறதுக்கு நாந்தான் எடுத்துட்டுப் போனனோ?”

ஃப்ளாப்பி அவர் காரிலேயே இருந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன்: “எம்மேல அவ்வளவு நம்பிக்கைங்களா சார்?”

“நம்பிக்கைய வெச்சு சோதனை பண்ணக்கூடாது கண்ணு.”

“நாந்தான்னு வந்திருந்தா?”

தன் தயிர்சாதத்தில் பாதியை என் தட்டில் வைத்தார். “அப்பவும் ஒட்டுக்கா உக்காந்துதான் சாப்பிட்டிருப்போம்.”