மூணு மேட்ச் சாரின் இடது பக்கம்

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் மூணு மேட்ச் சாரைச் சந்தேகப்படாத ஒருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாள் முதல் கம்பெனி பஸ் டிரைவர் வரை எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். கபடி என்றால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறவர்கள்கூட, மனிதர் எங்கேயோ கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. வார நாட்களில், தகரத்தை அடித்து வளைக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஹைவே ஓரத்துப் பொட்டலில் கபடி அம்பயர். ஒட்டிய கன்னம், வெள்ளை அரைக்கைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். யாராவது எதிர்த்துப் பேசினால் விளக்கம், எச்சரிக்கை எதுவும் கிடையாது. "மூணு மேட்ச். வெளிய போ." அவ்வளவுதான். ஒரு மேட்ச் என்றோ நாலு மேட்ச் என்றோ அவர் வாயில் வந்ததே இல்லை. அந்த ஆள் அடுத்த மூன்று ஆட்டத்துக்குக் கோட்டுக்கு வெளியே குந்தி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். கலர் சோடா உடைத்துக் கொடுத்தால் கையை ஆட்டிவிடுவார். இதுதான் எங்களுக்குப் பலத்த சந்தேகத்தைக் கிளப்பியது. டீயை வேண்டாம் என்கிறவனுக்குக் கண் பிரியாணியில் இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

நான் அப்போது ஸ்பிரிங் செய்கிற ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். ஒருத்தன் வருகைக் கார்டை இன்னொருத்தன் பஞ்ச் பண்ணுகிறானா என்று நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கம்பெனி கபடி டீமுக்கு செக்ரட்டரியும் நான்தான். ஆறு நாள் சந்தேகப்பட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்லெண்ணம் எங்கிருந்து வரும்?

சாருடைய தீர்ப்புகளும் சந்தேகப்படும்படியாகத்தான் இருந்தன. பாடிப் போகிறவன் மூச்சு விட்டால் அவுட். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. ஒருவன் கண் இமைக்கிற நேரம் மூச்சு விட்டதற்கு விசில் ஊதி வெளியே அனுப்புவார். ஐந்தே நிமிடம் கழித்து இன்னொருவன் எதிரிக் கட்டத்தில் நின்று ஆற அமர மூச்சு வாங்கி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி "கபடி கபடி" என்று ஆரம்பிப்பான். அவனுக்குப் பாயின்ட் கொடுப்பார்.

தண்டனை விஷயம் இன்னும் மோசம். "இன்னா சார் இது" என்று முனகியவனுக்கு மூணு மேட்ச். அதே ஆட்டத்தில் எதிர் டீம் கேப்டன் அவர் பக்கத்தில் வந்து நின்று, அவர் அம்மாவில் தொடங்கி ஏழு தலைமுறையை இழுத்து, விசிலை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது வரைக்கும் சொன்னான். சார் பொறுமையாகத் தலையாட்டினார். "சரி சரி, ஆடு" என்று முதுகில் தட்டி அனுப்பினார். திட்டியவனே ஒரு நிமிடம் திகைத்து நின்றுவிட்டான்.

நான் சும்மா விடவில்லை. நாலு ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வொரு தீர்ப்பையும் நோட்டில் குறித்தேன். முதல் பாதியில் ஒரு டீமுக்குச் சாதகம். பாதி முடிந்து டீம்கள் பக்கம் மாறியதும் அடுத்த டீமுக்குச் சாதகம். ஒரு ஆட்டம் தவறவில்லை. புத்தியுள்ளவனுக்கு அப்போதே விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியது வேறு. மனிதர் ரெண்டு பக்கமும் வாங்குகிறார்.

இந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரம் மாட்டினான். சேரப்பணஞ்சேரிக்காரன், எங்கள் டீமின் முதல் ரைடர், கம்பெனியில் டெம்பரரி. ஆறு மாதம் ஆனால் 'பிரேக்' என்று வீட்டுக்கு அனுப்பி, பிறகு புது ஆள் போலக் கூப்பிட்டுக்கொள்வார்கள். மூன்று வருடமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பேசி வைத்த பெண்ணின் அப்பா, பர்மனென்ட் ஆர்டரைக் கண்ணில் காட்டினால்தான் முகூர்த்தம் குறிப்பேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் மேனேஜருக்கோ கபடிப் பைத்தியம். அந்த வருடம் கோப்பை வந்தால், ஃபைனலில் ஆடுகிற டெம்பரரிக்கு ஆர்டர் என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னார். டீமில் டெம்பரரி ஏகாம்பரம் ஒருத்தன்தான். அவனுடைய கல்யாணமே அந்தக் கோப்பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

செமி ஃபைனல் ஜெயித்தோம். ஆனால் கடைசி நிமிடத்தில் ஏகாம்பரம் மூச்சு விட்டான் என்று சார் விசில் ஊதினார். ஏகாம்பரம் பணிவாகத்தான் சொன்னான்.

"மூச்சே வுடல சார். நல்லா கேளுங்க சார்."

கெட்ட வார்த்தை இல்லை. குரல்கூட உயரவில்லை. ஆனால் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. மூணு மேட்ச்.

ஃபைனல் அடுத்த ஞாயிறு, மண்ணூர் டீமோடு. சார் வாடகைக்கு இருப்பது எந்த ஊர்? மண்ணூர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நான் குதித்தேன். ஏகாம்பரம் குதிக்கவில்லை. "வுடுணா, எனுக்கு ராசி அவ்ளோதான்" என்று பனியனைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போனான். அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்ணூர் போனேன். சார் வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த இடத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை எடுத்து விட்டேன். எவ்வளவு வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், நாலு வாரத்துக் கணக்கு நோட்டில் இருக்கிறது, ஒரு பையன் கல்யாணத்தில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று ஆரம்பித்து, கடைசியில் திருடன் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு பிடி கடலையை என் கையில் வைத்தார். "சாப்புடு தம்பி, நம்ம கொல்லையில வெளஞ்சது" என்றார்.

எனக்குத் தலைக்கேறியது. இன்னும் பலமாக ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் முறத்தோடு வெளியே வந்தார்.

"திட்டறதுன்னா இந்தாண்ட வந்து குந்திக்கினு திட்டு தம்பி. அந்தப் பக்கத்துக் காது அவருக்குச் சுத்தமா கேக்காது."

நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம்.

அப்போதுதான் நாலு வார நோட்டும் மண்டைக்குள் ஒரே தடவையில் திறந்தது. அவர் எப்போதும் நடுக்கோட்டின் ஒரே முனையில் நிற்பவர். வலது கட்டத்தில் பாடுகிறவன் மூச்சு விட்டால் தெரியும். இடது கட்டத்தில், அந்தக் கூட்டத்தின் இரைச்சலில், ஒருவன் படுத்துத் தூங்கினால்கூடத் தெரியாது. பாதி ஆட்டத்தில் டீம்கள் பக்கம் மாறும்போது சாதகமும் கூடவே மாறியது. வலது காதில் முனகியவனுக்கெல்லாம் மூணு மேட்ச். இடது காதில் ஏழு தலைமுறையைத் திட்டியவனுக்கு முதுகில் தட்டு.

வலது பக்கம் மாறி உட்கார்ந்தேன். சார் மெதுவாகச் சொன்னார். பிரஸ் ஷாப் சத்தத்தில் போன காதாம். அங்கே யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, எல்லாம் கைஜாடைதான். அதனால் யாருக்குக் காது இருக்கிறது, யாருக்குப் போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கம்பெனியில் டாக்டரிடம் அனுப்புவார்கள், டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஏகாம்பரம் "நல்லா கேளுங்க" என்றதும், குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்துப் பயத்தில் கொடுத்த தண்டனை அது.

"அப்புறம் இன்னாத்துக்கு சார் இந்த அம்பயர் வேலை?" என்று கேட்டேன்.

"ஆறு நாளும் அந்த டமால் டமால்தான் தம்பி. ஒரு நாளாவது மனுசன் கொரல் கேக்கலாம்னு வரேன். பசங்க பாடிக்கினு ஓடறது எனுக்கு அவ்ளோ புடிக்கும்."

நான் வாங்கிய கடலையைத் தின்றுவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். இப்போது என் கையில் ஆயுதம் இருந்தது. மறுநாள் மாலை, ஃபைனலுக்கு முன்பு நடக்கிற போட்டிக் கமிட்டிக் கூட்டத்தில் அந்தக் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், தடை போய்விடும். அவருடைய வேலையும் போய்விடும். சனிக்கிழமை முழுக்க யார் கார்டை யார் பஞ்ச் பண்ணினார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

கூட்டம் பள்ளிக்கூடத்தில். கமிட்டித் தலைவர் ரிடையரான டிரில் மாஸ்டர். அவர் என்னைப் பேசச் சொன்னார். நான் எழுந்து தொண்டையைக் கனைப்பதற்குள் சார் எழுந்துவிட்டார்.

"எனுக்கு எடது காது கேக்காது. அந்த ஏகாம்பரம் புள்ள தப்பா ஒண்ணும் சொல்லல. நான் குடுத்த மூணு மேட்ச நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

நான் சட்டென்று கமிட்டி பெஞ்சைப் பார்த்தேன். ஏனென்றால் கமிட்டியில் அவருடைய கம்பெனி சூப்பர்வைசரும் ஒரு மெம்பர். அந்த மனிதர் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தன் லைனில் இத்தனை வருடம் வேலை செய்கிறவர், கூப்பிட்டால் திரும்பாத நாளே கிடையாது, இன்றைக்குத் திடீரென்று காது போய்விட்டதா என்று கேட்டார். கையை ஆட்டித்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்பது அவருக்கு நினைவே வரவில்லை. மண்ணூர் கேப்டன் எழுந்து, "ஸ்பிரிங் கம்பெனிக்காரன் அப்டி இன்னாதான்பா குடுத்தான்? காதையே வித்துட்டியா?" என்றான். கூரை அதிரச் சிரிப்பு.

ஒருத்தர்கூட நம்பவில்லை. அம்பயரே வாபஸ் வாங்கிவிட்டதால் தடை மட்டும் ரத்தானது. அவர் வேலைக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் வெளியே வந்தபோது சாருக்கு நிஜமாகவே வருத்தம். "நெசத்தச் சொன்னாக்கூட நம்ப மாட்டேங்கறானுங்களே தம்பி" என்று சைக்கிள் பூட்டைத் திறக்கிற வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஃபைனலுக்கு வேறு அம்பயர் தேடினார்கள். வந்த பெயர் ஒவ்வொன்றின் மேலும் இரண்டு டீமுக்கும் அதைவிடப் பெரிய சந்தேகம் இருந்ததால் சாரே நின்றார். என்னைக் கூப்பிட்டு இடது பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் எவன் மூச்சு விட்டாலும் முதுகில் ஒரு தட்டு தட்ட வேண்டும், எந்த டீம் என்று பார்க்கக் கூடாது. எதிர் டீம் செக்ரட்டரி எதற்கு அங்கே நிற்கிறான் என்று மண்ணூர் கேப்டன் கத்திக்கொண்டு வந்தான். வந்தது வலது பக்கமாக. சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

நான் யோக்கியமாகத்தான் தட்டினேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேரை நானே தட்டி வெளியே அனுப்பினேன். நான் மண்ணூரிடம் வாங்கிவிட்டேன் என்று எங்கள் டீமிலேயே பேச்சு கிளம்பியது.

கடைசி ரைடு. இரண்டு டீமும் சம பாயின்ட். ஏகாம்பரம் இடது கட்டத்துக்குள் பாடிக்கொண்டு போனான். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூலையில் இருந்தவனைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது பின்னாலிருந்து ஒருவன் அவன் கணுக்காலைப் பிடித்தான். ஏகாம்பரம் இழுத்துக்கொண்டே கோட்டை நோக்கிப் பாய்ந்தான். கை கோட்டைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் பாய்ச்சலில் பாட்டு நின்றது. ஒரு நொடிதான். ஊரே கத்திக்கொண்டிருந்தது. அது கேட்டது எனக்கு மட்டும்தான்.

என் கை எழுந்தது. எழுந்த கையால் என் தலையைச் சொறிந்துகொண்டேன்.

சார் திரும்பி என்னைப் பார்த்தார். "வுட்டானா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. முகத்தை ஆராயவில்லை. விசில் ஊதி எங்களுக்குப் பாயின்ட் கொடுத்தார். கோப்பை வந்தது. பத்து நாளில் ஏகாம்பரத்துக்கு ஆர்டர் வந்தது. ஐப்பசியில் கல்யாணம்.

அந்தக் கல்யாணம் வரைக்கும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. உலகமே சந்தேகப்பட்ட மனிதர் அவர். அவர் நம்பிய ஒரு ஆள் நான், அந்த நம்பிக்கையில் மண்ணள்ளிப் போட்டவனும் நான்தான். பந்தியில் வேண்டுமென்றே அவருடைய வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பாயசம் வந்த நேரத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவர் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். பாயசத்தை இலையில் ஒரு சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிட்டு முடித்தார். இலையை மடித்தார்.

"மூணு மேட்ச்" என்றார்.

நான் அப்பீல் செய்யவில்லை. மூன்று ஞாயிறும் வீட்டிலேயே கிடந்தேன். அவர் கொடுத்த தண்டனைகளில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாதது அதுதான். நாலாவது ஞாயிறு தயங்கித் தயங்கிப் பொட்டலுக்குப் போனபோது, சார் அதே நடுக்கோட்டு முனையில் நின்றுகொண்டிருந்தார். வலது பக்கம் ஒரே கூட்டம். இடது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் காலியாக வைத்து, வருகிறவர்களையெல்லாம் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.