சந்தானத்தின் குவார்ட்டர்பேக் நோட்டு

சந்தானம் வாயைத் திறப்பதற்குள் சுவாமிநாதன் அதைச் சொல்லிவிட்டார்.

"குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் சம்பளத்தை ஏத்தி என்ன பிரயோஜனம்? அவனுக்கு முன்னாடி நிக்கற அஞ்சு பேர் சரியில்லையே. பரிமாறறவன் கையில கரண்டி இருந்தா போதுமா, உள்ள யாராவது சமைக்க வேண்டாமா?"

இதை அவர் இங்கிலீஷில் சொன்னார். ரிச்சர்ட்சன் ஆபீஸ் கேன்டீனில் வெள்ளிக்கிழமை மத்தியான மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். மேனேஜர் வேய்ன் சிரித்துக்கொண்டே சுவாமிநாதன் முதுகில் தட்டினார். சந்தானம் தயிர்சாத டப்பாவை மூடிவிட்டார். அந்தக் கரண்டி அவருடைய கரண்டி. புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தன் நோட்டில் தன் கையால் எழுதி, கீழே தேதியும் போட்டு வைத்த கரண்டி.

அந்த நோட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. சந்தானம் டெக்ஸாஸ் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் இந்த மேஜையில் அவர் உப்பு, மிளகு தவிர வேறு எதையும் கேட்டதில்லை. மற்றவர்கள் ஆகஸ்டில் ஆரம்பித்தால் ஜனவரி வரைக்கும் ஒரே பேச்சுதான். எந்த குவார்ட்டர்பேக் நம்பர் ஒன், எவன் பத்தாவது, எவனுக்கு எத்தனை லட்சம் டாலர், டல்லாஸ் டீம் இந்த வருஷமாவது தேறுமா. ஃபுட்பால் என்ற பெயரில் இவர்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதே அவருக்கு முதலில் ஒரு மோசடியாகத்தான் பட்டது. கூட்டத்தின் நடுவில் நின்று பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன்தான் குவார்ட்டர்பேக் என்பது புரியவே ஒரு சீசன் ஆயிற்று.

பிறகு நோட்டு போட்டார். வாராவாரம் ஒன்று முதல் பத்து வரை வரிசை, சம்பளம், அபிப்பிராயம், எல்லாம் இங்கிலீஷில். மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். சொன்னதெல்லாம் பலித்தது. "இந்த ஆளுக்கு விஷயம் தெரியும்" என்று வேய்ன் ஒருநாள் எல்லார் எதிரிலும் சொன்னபோது, எம்.ஈ. பாஸ் பண்ணின அன்றைக்குக்கூட வராத சந்தோஷம் சந்தானத்துக்கு வந்தது.

இந்த 1986-ஆம் வருஷம் அதற்கு வேட்டு வைக்க நியூ ஜெர்ஸியிலிருந்து சுவாமிநாதன் வந்து சேர்ந்தார். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நவம்பர் முடிவதற்குள் வேய்ன் ஒரு குரூப் லீடரைப் போடப்போகிறார். போட்டியில் இருப்பது இரண்டே பேர், இரண்டு பேரும் தமிழர்கள். இந்தச் சமயத்தில் சந்தானத்தின் அபிப்பிராயம் ஒவ்வொன்றும் சுவாமிநாதன் வாயிலிருந்து வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

முதலில் அவர் சந்தேகப்பட்டது, பகலில் நோட்டு கிடக்கும் ஆபீஸ் மேஜை டிராயரை. பூட்டு சரியில்லை. நோட்டை வீட்டிலேயே வைத்துவிடக் கொண்டுபோனார். வீடு இருக்கும் பிளானோவுக்குப் போகும் வழியெல்லாம் காரில் நாதஸ்வரம் முழங்கியது. ரசித்துப் போட்டதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டேப்பில் சிக்கிக்கொண்ட கேசட். வெளியே வராது, நிற்காது, ரேடியோவையும் பாட விடாது. சாவியைத் திருப்பினால் மல்லாரியில் ஆரம்பிக்கும். ஃப்ரீவேயில் பக்கத்துக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டது.

நோட்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, "கலிஃபோர்னியாக்காரனை நம்பர் ஒன்னுன்னு சொல்றது தப்பு, மழையில அவன் விளையாடினதை யாராவது பார்த்தீங்களா?" என்று சுவாமிநாதன் கேட்டார். அரிசிக்கு அடியில் இருந்த வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை.

அரிசி டப்பாவைத் திறக்கிறவர் உலகத்தில் ஒருவர்தான். மனைவி அனந்தலக்ஷ்மி.

அனந்தலக்ஷ்மிக்கு ஃபுட்பாலில் என்ன தெரியும் என்று சந்தானம் யோசித்துப் பார்த்ததில்லை. திருச்சியில் புள்ளியியல் படித்தவர், இங்கே வந்து வீட்டோடு இருக்கிறார். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தனியே உருவி, அதன்மேல்தான் வெண்டைக்காய் நறுக்குவார். ஞாயிற்றுக்கிழமை டி.வி. முன்னால் உட்கார்ந்து மூன்று மணி நேரம் துணி மடிப்பார். ஒரு வீட்டில் அவ்வளவு துணி ஏது என்றுகூடச் சந்தானம் கேட்டதில்லை.

ஆனால் புருஷன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற பெண். ஒவ்வொரு புதன்கிழமையும் ரசம் ஊற்றும்போது, "இந்த வாரம் யார் ஜெயிப்பாங்கன்னு நினைக்கறீங்க?" என்று கேட்பார். சந்தானம் கால் மணி நேரம் பேசுவார். "அப்படியா? எனக்கென்னவோ வேற மாதிரி தோணுது" என்று அனந்தலக்ஷ்மி மெதுவாக ஒன்று சொல்வார். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பார் சந்தானம். பிறகு கை கழுவிவிட்டு நோட்டில் எழுதுவார். அவர் சொல்ல ஆரம்பித்ததற்கும் எழுதி முடித்ததற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான்.

சுவாமிநாதன் மனைவி காமாக்ஷியும் அனந்தலக்ஷ்மியும் தினமும் ஃபோனில் பேசுகிறவர்கள். கணக்கு சரியாக வந்துவிட்டது.

"இனிமே காமாக்ஷிகிட்ட ஃபோன்ல பேச வேண்டாம்."

"ஏன்?"

"காரணம் இருக்கு."

அனந்தலக்ஷ்மி அந்தக் காரணம் என்ன என்று மேலும் கேட்கவில்லை. அதுவே சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. காமாக்ஷி கோபித்துக்கொண்டு, சனிக்கிழமை பாட்டு கிளாஸுக்குச் சந்தானத்தின் பெண்ணையும் சேர்த்து அழைத்துப்போவதை நிறுத்தினார். இப்போது சந்தானமே கிளாஸ் நடக்கும் கார்லண்டு வரை நாதஸ்வரத்தோடு போய்வர வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் பலன்? வெள்ளிக்கிழமை சுவாமிநாதன் சொன்னார், புதன்கிழமை நோட்டில் இருந்ததை. போதாக்குறைக்கு இந்தத் தடவை அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட் கிழவர் ஒருவரும் அதையே சொன்னார்.

விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவியிருக்கிறது. கடைசி ஆயுதமாகச் சந்தானம் வீட்டில் வாயையே மூடிக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை ரசம் வந்தது, கேள்வியும் வந்தது. சந்தானம் அப்பளத்தை நொறுக்கினார்.

"ஒரு வார்த்தையாவது சொல்லுங்க" என்றார் அனந்தலக்ஷ்மி. "டல்லாஸா, வாஷிங்டனா? அது மட்டும் சொன்னா போதும்."

இவ்வளவு தவிப்பு எதற்கு என்று சந்தானம் ஓரக்கண்ணால் பார்த்தார். ரசத்தை உறிஞ்சிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். நோட்டில் அந்த வாரப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. எழுத உட்கார்ந்தால் ஏனோ ஒன்றும் ஓடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மேஜையில் ஓர் அதிசயம் நடந்தது. சுவாமிநாதன் பேசவில்லை. கிழவர் பேசவில்லை. எல்லாரும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள். வீட்டில் வாயை மூடினால் ஆபீஸில் இவர்களுக்கு வாய் அடைக்கிறது! கள்ளன் பிடிபட்ட சந்தோஷத்தில் சந்தானம் அங்கேயே, அப்போதே, சொந்தமாக ஓர் அபிப்பிராயம் சொன்னார். டல்லாஸ் சுலபமாக ஜெயிக்கும், சர்வீஸ் அதிகமான குவார்ட்டர்பேக்குக்குத்தான் சம்பளமும் அதிகம் தர வேண்டும், அதுதான் நியாயம் என்றார்.

டல்லாஸ் தோற்றது. லேசாகத் தோற்கவில்லை, பார்த்தவர்கள் டி.வி.யை அணைக்கும்படி தோற்றது. திங்கட்கிழமை வேய்ன் அவரை லிஃப்டில் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கரிசனமாக விசாரித்தார்.

இனி பொறுக்க முடியாது. திருடனைச் சாட்சியோடு பிடிக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை சந்தானம் வேண்டுமென்றே வாயைத் திறந்தார். அனந்தலக்ஷ்மியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ரசத்தில் இரண்டு ஸ்பூன் நெய் அதிகம் விழுந்தது. வழக்கம்போல ஒன்று சொல்லி, "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று முடித்து, நோட்டில் தேதியோடு மணியையும் எழுதினார். வெள்ளிக்கிழமை சுவாமிநாதன் அதை ஒப்பித்தார். சந்தானம் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்க வீட்டுக்கு வரும்படி சுவாமிநாதனையும் வேய்னையும் புன்னகையோடு கூப்பிட்டார்.

வேய்ன் தன் மனைவி டாரதியோடு வந்தார். அதிகம் பேசாத அம்மாள். வாழைக்காய் பஜ்ஜி முதல் கடியிலேயே பிடித்துப்போய், தட்டோடு சோபாவின் ஓரத்தில் ஒதுங்கிவிட்டார். சுவாமிநாதன் தனியாக வந்தார். காமாக்ஷியின் கோபம் இன்னும் ஆறவில்லை. அனந்தலக்ஷ்மி அடுப்பை விட்டு வெளியே வரவில்லை.

பாதி மேட்ச் முடிந்து இடைவேளை விட்டதும் சந்தானம் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"வேய்ன், ஒரு சின்ன விஷயம். இந்த நோட்டைப் படிங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி இருக்கு. இதெல்லாம் நான் புதன்கிழமை எழுதினது. வெள்ளிக்கிழமை மேஜையில இதையெல்லாம் சொன்னது யாருன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

சுவாமிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேய்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் படித்தார். இரண்டாவது பக்கம் படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"சந்தானம், நீயும் லக்கி ரசிகனா? ஏன் முன்னாடியே சொல்லல?"

"யார் லக்கி?"

"பிளானோ லக்கி! வியாழக்கிழமை சாயந்திரம் ரேடியோவுல, ஃபோன் பண்ணிப் பேசற நிகழ்ச்சி. வீட்டுக்குப் போறப்ப கார்ல எல்லாரும் அதைத்தானே கேக்கறோம்?"

சந்தானத்தின் காதில் மல்லாரி ஒலித்தது.

சுவாமிநாதன் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். "நானும் லக்கி சொல்றதைத்தான் சார் சொல்றேன். பாதி ஆபீஸ் அதைத்தான் சொல்லுது. உங்களுக்கும் தெரியும்னுதான் நினைச்சேன்."

எங்கிருந்தோ ஒரு பெண் வந்து வாராவாரம் சரியாகச் சொல்கிறாளாம். குவார்ட்டர்பேக் வரிசையில் அவள் கைவைத்தால் ரேடியோக்காரனே எதிர்த்துப் பேச மாட்டானாம். எப்படிக் கணிக்கிறாய் என்று கேட்டதற்கு, தன் வீட்டில் ஒரு மெஷின் இருக்கிறது, அது சொல்வதைத் தலைகீழாகத் திருப்பினால் போதும், ஒரு தடவைகூடத் தப்பாது என்றாளாம். வாஷிங்டன் மேட்ச் வாரம் மட்டும் அவள் ஃபோன் செய்யவில்லை. பிறகு கேட்டதற்கு, மெஷின் ரிப்பேர் என்றாளாம். அன்றைக்கு டல்லாஸ் ஊரே இருட்டில் தவித்தது என்றார் வேய்ன்.

"ஃபுட்பால்ல ஒண்ணும் தெரியாத டாரதிகூட, லக்கி பேசி முடிக்கற வரைக்கும் எனக்குச் சாப்பாடு போட மாட்டா."

டாரதி பஜ்ஜியோடு தலையாட்டினார்.

அப்படியானால் அந்த லக்கிக்கு என் நோட்டு எப்படிப் போயிற்று என்று சந்தானம் யோசித்தார். சந்தேகம் சுவாமிநாதனை விட்டு முகம் தெரியாத ஒரு பெண்ணின் மேல் பாய்ந்தது. அதற்குள் வேய்னின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் மறுபடி நோட்டைப் புரட்டினார்.

"ஒண்ணு புரியல. லக்கி பேசறது வியாழக்கிழமை. நீ எல்லாத்துக்கும் புதன்கிழமைன்னு தேதி போட்டிருக்கே. மணிகூட எழுதியிருக்கே."

சுவாமிநாதன் பார்வையை விட்டத்துக்கு மாற்றிக்கொண்டார். வேய்ன் நோட்டை மூடி, ஒரு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார். தேதியை மாற்றி எழுதுகிறவனைப் பார்க்கிற பார்வை அது. குரூப் லீடர் வேலை அந்த விரலோடு சேர்ந்து தள்ளிப்போவதைச் சந்தானம் கண்ணாலேயே பார்த்தார். அவமானத்தில் காது சுட்டது. அழுதால்கூடத் தேவலை போலிருந்தது.

நல்லவேளையாக மேட்ச் மறுபடி ஆரம்பித்தது. எதையாவது சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சந்தானம் டி.வி.யைச் சுட்டிக் காட்டினார்.

"பாருங்க, இப்ப நீளமா எறியப் போறான்."

இரண்டாவது ஈடு பஜ்ஜியோடு அனந்தலக்ஷ்மி உள்ளே வந்தார். டி.வி.யை ஒரு கணம் பார்த்தார். விருந்தாளிகளுக்குப் புரிய வேண்டுமே என்று அன்றைக்கு முதல்முறையாக இங்கிலீஷில் பேசினார்.

"அப்படியா? எனக்கென்னவோ எறிய மாட்டான், தானே தூக்கிக்கிட்டு ஓடுவான்னு தோணுது."

குவார்ட்டர்பேக் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் சந்தானம்.

டாரதி தட்டைக் கீழே வைத்தார். அனந்தலக்ஷ்மியைப் பார்த்தார், அந்தக் குரல் வந்த வாயைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, டி.வி.யை நோக்கி இன்னும் கையை நீட்டியபடி நின்ற சந்தானத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"லக்கி, அன்னிக்கு ரிப்பேர்னு சொன்னீங்களே, அந்த மெஷின் இவர்தானா?"